இரண்டு நாளிதழ்களைத் தந்த பள்ளி ஆசிரியர்

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவர் எதற்காகத் தமிழில் எழுத வேண்டும்? மாணவர்களுக்கான எழுத்துப் பயிலரங்குகளுக்குச் செல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர் என்னிடம் இதைக் கேட்டுவிடுவார். குறும்புக்காகக் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் வாசிப்பவர்கள் அதிகம், வேலைக்கும் உதவும், பலருக்கு எழுதுவதும் எளிது. ஆகவே, இது நியாயமான கேள்விதான்.

நான் அதற்கு நேரடியாகப் பதில் சொல்வதில்லை. ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்வேன். அவர் பெயர் ஜி. சுப்பிரமணிய ஐயர். இன்றும் வெளிவந்துகொண்டிருக்கும் 'தி இந்து' ஆங்கில நாளிதழைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். 20 ஆண்டுகள் அதன் ஆசிரியராக இருந்து இந்தியா முழுவதும் பெயர் பெற்ற பிறகு, அதைவிட்டு விலகி ஒரு தமிழ் நாளிதழுக்குத் தம் எஞ்சிய வாழ்நாளைக் கொடுத்தார். அந்த நாளிதழின் பெயர் 'சுதேசமித்திரன்'. பாரதியாரைப் பற்றிப் படித்திருந்தால் இந்தப் பெயரையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

திருவையாறு முதல் சென்னை வரை

சுப்பிரமணிய ஐயர் 1855ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் தேதி, தஞ்சாவூர் மாவட்டத்தில் காவிரிக் கரையிலுள்ள திருவையாற்றில் பிறந்தார். தந்தை அங்கிருந்த முன்சீப் நீதிமன்றத்தில் வழக்கறிஞர். மகன் சிறுவனாக இருந்தபோதே தந்தை காலமாகிவிட்டார். தஞ்சாவூரில் படிப்பை முடித்த இளைஞர், ஆசிரியர் பயிற்சிக்காகச் சென்னைக்கு வந்தார். பயிற்சி முடிந்ததும் பள்ளிகளில் பாடம் நடத்திக்கொண்டே தனியாகப் படித்து, 1877இல் பி.ஏ. பட்டம் பெற்றார்.

அவர் சென்னையில் ஆசிரியராக இருந்த அந்த ஆண்டுகளில்தான் தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் உலுக்கியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் பல லட்சம் பேர் மாண்டனர். வயிற்றுப் பிழைப்பைத் தேடிப் பலர் கடல் கடந்தனர். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கிய தமிழர்களில் பலர், அவர் பிறந்த தஞ்சை வட்டாரத்தையும் அதன் பக்கத்து மாவட்டங்களையும் சேர்ந்தவர்கள். உங்களில் சிலருடைய கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும் அந்த வழியாக இங்கு வந்திருக்கலாம். மக்கள் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள் என்ற கேள்வியைச் சுப்பிரமணிய ஐயர் கடைசிவரை விடவில்லை. 1903இல் ஆங்கில ஆட்சியின் பொருளாதார விளைவுகளைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

கையில் 1 ரூபாய் 12 அணா

1878இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் தி. முத்துசாமி ஐயர் நீதிபதியாக நியமிக்கப்பட்டார். இந்தியர் ஒருவருக்கு அங்கே அந்தப் பதவி கிடைத்தது அதுவே முதல்முறை. சென்னையில் ஆங்கிலேயர்கள் நடத்திய பத்திரிகைகளுக்கு இது பிடிக்கவில்லை. நியமனத்தைக் குறைகூறி எழுதின. தக்க பதில் சொல்ல இந்தியர்கள் கையில் வலுவான பத்திரிகை இல்லை.

திருவல்லிக்கேணியில் இளைஞர்கள் கூடிப் பேசும் இலக்கியச் சங்கம் ஒன்று இருந்தது. அதில் இருந்த ஆறு பேர், பதில் சொல்லும் பொறுப்பைத் தாங்களே எடுத்துக்கொண்டனர். அவர்களில் இருவர் ஆசிரியர்கள்: சுப்பிரமணிய ஐயரும் அவருடைய நண்பர் வீரராகவாச்சாரியாரும். மற்ற நால்வரும் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது வயது 23. இன்றைய கணக்கில் பல்கலைக்கழகத்தை முடித்து வெளியே வரும் வயது.

கையில் பணம் இல்லை. 1 ரூபாய் 12 அணா கடன் வாங்கினார்கள். 16 அணா சேர்ந்தது ஒரு ரூபாய். ஆகவே, முழுத் தொகையும் இரண்டு ரூபாயைத் தொடவில்லை. அந்தப் பணத்தில் 80 பிரதிகள் அச்சாயின. 1878 செப்டம்பர் 20ஆம் தேதி 'தி இந்து' பிறந்தது. அப்போது அது வார இதழ்.

சட்ட மாணவர்கள் நால்வரும் படிப்பை முடித்து வழக்கறிஞர் தொழிலுக்குச் சென்றுவிட்டனர். ஆசிரியர்கள் இருவரும் மிஞ்சினர். எழுதும் வேலை சுப்பிரமணிய ஐயருக்கு, நிர்வாகம் வீரராகவாச்சாரியாருக்கு. 1883இல் வாரம் மும்முறை வரும் இதழாகவும், 1889 ஏப்ரல் 1 முதல் நாளிதழாகவும் அது வளர்ந்தது. தமிழில் பள்ளியில் கற்பிப்பவரும் ஆசிரியர்தான், பத்திரிகையை நடத்துபவரும் ஆசிரியர்தான். இந்த இரண்டு பொருளும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்ததை நான் பொருத்தமாகவே நினைக்கிறேன்.

அவருடைய பெயர் வேகமாகப் பரவியது. 1885 டிசம்பரில் பம்பாயில் இந்திய தேசிய காங்கிரசின் முதல் மாநாடு நடந்தது. அதில் கலந்துகொண்ட பேராளர்கள் 72 பேர். மாநாட்டின் முதல் தீர்மானத்தை முன்மொழியும் பொறுப்பு 30 வயதான சுப்பிரமணிய ஐயருக்குக் கிடைத்தது. இந்தியாவில் நடக்கும் நிர்வாகத்தை விசாரிக்க ஆணையம் வேண்டும் என்பதே அந்தத் தீர்மானம்.

யாருக்காக எழுதுகிறோம்?

இந்த இடத்தில்தான் கதை சுவாரசியமாகிறது. ஆங்கில இதழ் நன்றாக நடந்துகொண்டிருந்தபோதே, 1882இல், அவர் 'சுதேசமித்திரன்' என்ற தமிழ் வார இதழையும் தொடங்கிவிட்டார். ஏன்?

'தி இந்து' யாரை நோக்கிப் பேசியது என்று யோசித்துப் பாருங்கள். கவர்னர், நீதிபதிகள், அதிகாரிகள், வழக்கறிஞர்கள், படித்த சிலர். அது ஆட்சியாளர்களுக்குக் கேட்கும்படி பேசியது. அதுவும் தேவையான வேலைதான். ஆனால், நிலவரி கட்டிய விவசாயிக்கும் உப்பு வரியைச் சுமந்த குடும்பத்துக்கும் அந்தப் பேச்சு எட்டவில்லை. அவர்களைப் பற்றி எழுதப்பட்டது, அவர்களிடம் சொல்லப்படவில்லை.

ஆங்கில அரசுக்கும் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். 1878 மார்ச் மாதம், அதாவது 'தி இந்து' பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, லிட்டன் பிரபுவின் அரசு ஒரு பத்திரிகைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்திய மொழிப் பத்திரிகைகளைக் கண்காணிக்கவும் தண்டிக்கவும் அதில் இடம் இருந்தது. ஆங்கிலப் பத்திரிகைகளை அந்தச் சட்டம் தொடவில்லை. வங்காளத்தில் 'அமிர்த பஜார் பத்திரிகா' இந்தச் சட்டத்திலிருந்து தப்ப, வங்காள மொழியைக் கைவிட்டு முழு ஆங்கில இதழாக மாறியது. பிறகு ரிப்பன் பிரபு காலத்தில் சட்டம் நீக்கப்பட்டது.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ஒரு மொழியின் வலிமையை அறிய, அதைப் பேசுபவர்களைக் கேட்பது ஒரு வழி. அதைப் பார்த்து அஞ்சியவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது இன்னொரு வழி.

எழுதியதை வீட்டில் செய்தவர்

சுப்பிரமணிய ஐயர் அரசியலை மட்டும் எழுதவில்லை. குழந்தைத் திருமணத்தை எதிர்த்து எழுதினார். கணவரை இழந்த இளம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்று எழுதினார். மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் 1856இலேயே வந்துவிட்டது. ஆனால், சட்டம் அனுமதித்ததைச் சமூகம் அனுமதிக்கவில்லை. ஆதரித்துப் பேசியவர்கள் பலர். தங்கள் வீட்டில் செய்து காட்டியவர்கள் மிகச் சிலர்.

அந்தச் சோதனை அவருடைய வீட்டுக்கே வந்தது. அவருடைய மூத்த மகள் சிவப்பிரியம்மாள், சிறுமியாக இருக்கும்போதே கணவரை இழந்தார். வழக்கப்படி என்றால் அந்தப் பெண் வாழ்நாள் முழுவதும் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்க வேண்டும். தந்தை அதை ஏற்கவில்லை. 1889இல் பம்பாயில் மகளுக்கு மறுமணம் செய்து வைத்தார்.

விளைவு கடுமையாக இருந்தது. சமூகத்தினர் அவரை விலக்கி வைத்தார்கள். உறவுகள் முறிந்தன. நல்ல காரியமோ கெட்ட காரியமோ எல்லாமே உறவுக்காரர்களைச் சார்ந்திருந்த காலம் அது. விலக்கி வைப்பது என்றால் எவ்வளவு பெரிய தண்டனை என்பதை இன்று நாம் முழுமையாக உணர்வது கடினம். பிறருக்கு அறிவுரை எழுதிவிட்டுத் தம் வீட்டுக்கு வேறு நியாயம் பேசியிருந்தால் யாரும் அவரைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை என்பதுதான், இவரைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் நினைத்துக்கொள்ளும் செய்தி.

விலகலும் புதிய தொடக்கமும்

1897இல், இந்தியாவின் வரவு செலவைப் பற்றி விசாரித்த வெல்பி ஆணையத்தின்முன் சாட்சியம் அளிக்க அவர் லண்டன் சென்றார். கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோரும் அந்த ஆணையத்தின்முன் சாட்சியம் அளித்தனர். வெளியே புகழ் உச்சத்தில் இருந்தது. உள்ளே 'தி இந்து' கடனில் தள்ளாடியது. சமூகச் சீர்திருத்தம் பற்றி அவர் எழுதிய முறையும் கூட்டாளிகளுக்குள் கருத்து வேறுபாட்டை வளர்த்தது. 1898இல் அவர் 'தி இந்து'விலிருந்து விலகினார். பத்திரிகை வீரராகவாச்சாரியாரிடம் இருந்தது. பிறகு 1905இல் கஸ்தூரி ரங்க ஐயங்கார் அதை வாங்கினார்.

அப்போது சுப்பிரமணிய ஐயருக்கு 43 வயது. கையில் எஞ்சியிருந்தது தமிழ் இதழ். 1899இல் அதை நாளிதழாக மாற்றினார். தமிழரே தமிழில் நடத்திய நாளிதழ் ஒன்று நிலைத்து நின்றது என்றால், அந்த வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

தந்தி வரும் ஆங்கிலத்தில், செய்தி வரவேண்டும் தமிழில்

தமிழில் நாளிதழ் நடத்துவது அன்று எப்படிப்பட்ட வேலை? வெளியூர்ச் செய்திகள் தந்தி மூலம் ஆங்கிலத்தில் வரும். அவற்றை உடனே தமிழாக்க வேண்டும். பட்ஜெட், பார்லிமென்ட், போர்க்கப்பல், வட்டி விகிதம், உடன்படிக்கை ஆகியவற்றைப் பற்றித் தமிழில் தினமும் எழுதிப் பழக்கமே இல்லாத காலம். அகராதியில் தேடினால் கிடைக்காத சொல்லை அன்று மாலைக்குள் கண்டுபிடித்தாக வேண்டும். சமஸ்கிருதச் சொல்லைப் போடலாம், ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் போடலாம், அல்லது விளக்கமாக ஒரு வரி எழுதலாம். 'சுதேசமித்திரன்' மூன்றையும் செய்தது. இன்று அதன் பழைய பக்கங்களைப் படிப்பவருக்குச் சமஸ்கிருதக் கலப்பு அதிகமாகத் தெரியும். ஆனால், அந்தக் காலத்து வாசகருக்கு உலகச் செய்தி தம் மொழியில் கிடைத்தது.

மொழிபெயர்த்த பிறகு அச்சுக் கோக்க வேண்டும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இரண்டையும் சேர்த்தாலும் 52தான். தமிழிலோ 247 எழுத்துகள். துணைக்கால், கொம்பு, சுழி என்று தனித்தனியான ஈய அச்சுகளை அச்சுக் கோப்பவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து அடுக்க வேண்டும்.

நானும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் வேலையைச் செய்திருக்கிறேன். கணினி, இணையம், கலைச்சொல் பட்டியல் எல்லாம் இருந்தும் ஒரு சொல்லுக்காக அரைமணி நேரம் முட்டி மோதிய நாள்கள் உண்டு. அவை எதுவும் இல்லாமல் தினமும் ஓர் இதழை வெளிக்கொணர்ந்தவர்களை நினைத்தால் எனக்கு வியப்பாகவே இருக்கும்.

இந்த வேலைக்கு ஆள் தேடியபோதுதான் 1904 நவம்பரில் ஓர் இளைஞரை அவர் அழைத்து வந்தார். மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தவர் அந்த இளைஞர். 1882இல், அதாவது 'சுதேசமித்திரன்' தொடங்கிய அதே ஆண்டில் பிறந்தவர். அவர்தான் சுப்பிரமணிய பாரதி. உதவி ஆசிரியராகச் சேர்ந்த பாரதியின் அன்றாட வேலை, ஆங்கிலத் தந்திகளைத் தமிழாக்குவது. நாம் வியக்கும் பாரதியின் எளிய, விறுவிறுப்பான உரைநடைக்கு இந்தத் தினசரிப் பயிற்சி ஒரு பட்டறையாக இருந்தது என்பது என் கருத்து. 1906இல் பாரதி 'இந்தியா' வார இதழுக்குச் சென்றார். பின்னாளில் மீண்டும் 'சுதேசமித்திரன்' அலுவலகத்துக்கே திரும்பி, 1921இல் மறையும்வரை அங்கு பணியாற்றினார்.

தமிழில் எழுதியதற்குக் கிடைத்த பரிசு

1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் எழுந்தது. உள்நாட்டுப் பொருள்களையே வாங்குவோம் என்ற அந்த இயக்கத்தைச் சுப்பிரமணிய ஐயர் தம் நாளிதழில் ஆதரித்தார். எழுதியதோடு நிற்காமல், ஊர் ஊராகச் சென்று பொதுக்கூட்டங்களில் தமிழிலேயே பேசினார். அரசியல் மேடை என்றாலே ஆங்கிலம்தான் என்றிருந்த நாளில் இது புதுமை.

1908இல் அரசு அடக்குமுறையில் இறங்கியது. தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி நடத்திய வ.உ. சிதம்பரனாருக்குக் கடுந்தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டில், உடல்நலம் குன்றிக் குற்றாலத்தில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த சுப்பிரமணிய ஐயரும் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். காரணம், 'சுதேசமித்திரன்' கட்டுரைகள்.

20 ஆண்டுகள் ஆங்கில இதழை நடத்தியபோது இந்தக் குற்றச்சாட்டில் அவரை யாரும் கைது செய்யவில்லை. 1908இல் நாட்டின் நிலைமையும் மாறியிருந்தது உண்மைதான். ஆனால், தமிழில் எழுதும்போது அதைப் படிப்பவர்களும், படிக்கத் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவர்களும் எத்தனை பேர் என்பதை அரசு கணக்குப் போட்டிருந்தது.

அவர் நீண்ட காலம் சிறையில் இருக்கவில்லை. நோயால் நலிந்திருந்த நிலையில் உறுதிமொழியின் பேரில் விடுவிக்கப்பட்டார். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று சிலர் என்னைக் கேட்டதுண்டு. சொல்ல வேண்டும் என்பதே என் எண்ணம். வ.உ.சி. செக்கிழுத்தார், இவர் உறுதிமொழி தந்து வெளியே வந்தார். இருவருடைய உடல்நிலையும் வயதும் வேறு. மனிதர்களை மனிதர்களாகவே தெரிந்துகொண்டால்தான் அவர்கள் செய்த பெரிய செயல்களின் அருமையும் விளங்கும்.

கடைசி ஆண்டுகள்

அவரைத் தாக்கியது தொழுநோய். உடலெங்கும் புண்கள். அந்த நோய்க்கு அன்று மருந்து இல்லை. நோயின் வலியைவிட, அருகில் வரத் தயங்கிய மனிதர்களின் பார்வை அதிகமாக வலித்திருக்கும். 1915இல் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது இவரைச் சந்தித்து, இவருடைய புண்களைத் தம் துணியால் துடைத்தார் என்று சொல்வார்கள்.

அதே 1915இல் 'சுதேசமித்திரன்' பொறுப்பை ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார். 1916 ஏப்ரல் 18ஆம் தேதி, 61ஆவது வயதில் சுப்பிரமணிய ஐயர் காலமானார். அவர் உருவாக்கிய தமிழ் நாளிதழ், அவருக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் வெளிவந்தது.

மித்திரனும் நேசனும்

மித்திரன் என்றால் நண்பன். சுதேசமித்திரன் என்றால் தன் நாட்டின் நண்பன். சிங்கப்பூரில் 1887இல் மகுதூம் சாயபு தொடங்கிய வார இதழின் பெயர் 'சிங்கைநேசன்'. கோலாலம்பூரில் 1924இல் தோன்றிய இதழின் பெயர் 'தமிழ் நேசன்'. நேசன் என்றாலும் நண்பன்தான். அன்றைய பத்திரிகைக்காரர்கள் தங்கள் இதழுக்கு அரசன் என்றோ தலைவன் என்றோ பெயர் வைக்காமல், நண்பன் என்று பெயர் வைத்ததை நான் ரசிப்பேன். நண்பன் நமக்குப் புரியும் மொழியில் பேசுவான். நமக்குப் பிடிக்காததையும் சில வேளைகளில் சொல்வான். நம் வீட்டுக் கவலை என்ன என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சுப்பிரமணிய ஐயர் ஆங்கிலத்தை வெறுத்துத் தமிழுக்கு வரவில்லை. அவருடைய ஆங்கிலம் லண்டன்வரை சென்று பேசியது. ஆங்கிலத்தில் தெரிந்துகொண்டதை, ஆங்கிலம் தெரியாத தம் மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று நினைத்தார். இரண்டு மொழியும் தெரிந்தவருக்குத்தான் அந்த வேலை கைவரும். பள்ளியில் இரண்டு மொழிகளைப் படிக்கும் உங்களிடமும் அதே சாவி இருக்கிறது.

இதைப் படித்து முடித்ததும் ஒரு சிறு பயிற்சியைச் செய்து பாருங்கள். இன்றைய ஆங்கிலச் செய்திகளில் உங்களைப் பாதித்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்துக் கட்டணமாக இருக்கலாம், மருத்துவக் காப்புறுதியாக இருக்கலாம், எங்கோ நடக்கும் போராகவும் இருக்கலாம். அதை உங்கள் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ புரியும்படி பத்தே வரியில் தமிழில் எழுதிப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டால், நீங்கள் எழுதியது போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள்.